விசாலம் மிஸ்ஸின் மாதிரி விடை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்கு விசாலம் மிஸ்ஸைத் தெரியாது என்றால், அவர் வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இல்லை என்று அர்த்தம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளின் சுவர்களில், கோவில் திருவிழா நோட்டீசுக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில் மிஸ்ஸின் படம் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே டியூஷன் விளம்பரமாக 'இரசாயனவியல்: விசாலம் சத்தியநாராயணன்' என்று கொட்டை எழுத்து. சிரிப்பு சுவரில் மட்டும்தான். வகுப்பில் அதைக் கண்டதாக இதுவரை எவரும் முறைப்பாடு செய்யவில்லை.

மிஸ்ஸின் புகழுக்குக் காரணம் மாதிரி விடை. பரீட்சையில் எந்தக் கேள்வி எந்த மூலையிலிருந்து வந்தாலும் அதற்கு மிஸ்ஸிடம் விடை தயார். பிள்ளைகள் அதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒருநாளும் கொடுமைப்படுத்தியதில்லை. பாடமாக்கினால் போதும். "யோசிக்கிறதுக்குக் கம்பஸ் போன பிறகு நிறைய நேரம் கிடைக்கும் பிள்ளையள். இப்ப எழுதுங்கோ" என்பார். மண்டபம் நிறைந்த பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள். வகுப்பில் சுத்தமான யாழ்ப்பாணப் பேச்சு. வீட்டுக் கதவைச் சாத்தியதும் காரைக்குடிப் பேச்சு. தலைமுறை தலைமுறையாகப் புறக்கோட்டையில் சேலைக்கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டு மருமகளுக்கு, வருகிற ஆளுக்கு ஏற்றபடி பேசுவதற்கு யாரும் டியூஷன் கொடுக்கத் தேவையில்லை.

இப்பேர்ப்பட்ட மிஸ்ஸுக்கு ஒரே பிள்ளை. பெயர் ஏகப்பன், தாத்தாவின் பெயர். அவன் உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலில் கோட்டை விட்டான். 'கோட்டை விட்டான்' என்பது ஊருக்காகச் சொல்வது. உண்மையில் விடைத்தாளில் பரீட்சைச் சுட்டெண்ணை மட்டும் அழகாக எழுதி, மிச்சம் முழுவதையும் வெள்ளையாகக் கொடுத்துவிட்டு, மண்டபத்தைவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டான். இரசாயனவியல் மிஸ்ஸின் மகன்! வெள்ளவத்தை ஒரு மாதம் வேறு கதை கதைக்கவில்லை.

அதற்கு முந்தைய வாரம் நடந்ததை மிஸ் யாருக்கும் சொல்வதில்லை. வகுப்புச் சோதனையில் ஏகப்பன் ஒரு கணக்கைத் தன் பாட்டில் வேறொரு வழியில் செய்திருந்தான். விடை சரி. வழியும் சரி. ஆனால் அது மிஸ்ஸின் வழி இல்லை. மிஸ் அந்தத் தாளை மேடையில் உயர்த்திப் பிடித்து, "இவருக்கு என்ர மாதிரி விடை போதாதாம். இவர் சொந்தமாகக் கண்டுபிடிக்கிறாராம்" என்று சொல்லி, எல்லோரும் பார்க்க நாலாகக் கிழித்தார். மண்டபம் சிரித்தது. மகன் என்று சலுகை காட்டவில்லை என்று பெற்றோர்கள் பூரித்துப் போனார்கள். ஏகப்பன் சிரிக்கவில்லை.

பரீட்சை முடிவு வந்த கிழமையே அவன் வீட்டைவிட்டுப் போனான். லண்டனுக்கோ கனடாவுக்கோ போயிருந்தால் மிஸ் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பார். இவன் போனது அதே ஊரின் மறு மூலையில் இருக்கிற கொட்டாஞ்சேனைக்கு. கல்யாண வீடுகளுக்கும் சர்ச் திருவிழாக்களுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற சுடலைமுத்து என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய கடைக்கு மேலேயே தங்கிக்கொண்டான். அப்பாவை அவன் அப்பச்சி என்பான்; அவருடன் தொலைபேசியில் பேசுவான். அம்மா அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா அனுப்புகிற வாட்ஸப் வாழ்த்துக்கு ஒரு கட்டைவிரல் வரும். மூன்று வருடமாக மிஸ் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல், தூக்குச்சட்டி நிறைய வெள்ளைப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கே போனார். மாடியிலிருந்து கிற்றார் சத்தம் கேட்டது. சுடலைமுத்து படிக்கட்டின் அடியில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். ஆள் பெரிய உடம்பு. பேச்சு மட்டும் வெண்ணெய்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. ஞாயித்துக்கெழமை மேல புளூஸ் வாசிக்கிறோம். வாசிக்கிறவங்க மட்டுந்தான் போகலாம். சும்மா உக்காந்து பாக்குறவங்களுக்கு எடமில்ல. என் பொஞ்சாதியே போனதில்ல."

"நான் அவனோட அம்மா."

"தெரியுங்க அக்கா. அம்மாமாரும் வாசிச்சாத்தான்."

தூக்குச்சட்டியை மட்டும் மரியாதையாக வாங்கி மேலே அனுப்பினார். பணியாரம் போய்ச் சேர்ந்தது. மிஸ் போய்ச் சேரவில்லை. பம்பலப்பிட்டி தாண்டும்வரை பஸ்ஸில் மிஸ்ஸுக்குக் கோபம் ஆறவில்லை. நாடு முழுவதும் தன் வகுப்பில் இடம் கேட்டுக் காத்திருக்கிறது. தனக்கு ஒரு ஸ்பீக்கர் கடை மாடியில் இடமில்லையாம்! வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கும்போது முடிவு எடுத்தாகிவிட்டது. வாசித்தால்தானே விடுவார்கள்? வாசித்துத் தொலைப்போம்.

அடுத்த நாள் வீட்டுக்குள் ஒரு கிற்றார் வந்தது. கணவர் சத்தியநாராயணன் கடையால் வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்று அதைப் பார்த்தார்.

"என்னா இது விசாலம்? வாசிக்கணும்னு ஆசைன்னா ஒரு வீணை வாங்கித் தர மாட்டேனா?"

"வீணை வாசிச்சா கொட்டாஞ்சேனையில விட மாட்டாங்க."

மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். புறக்கோட்டையில் சேலை விற்று விற்று, எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பதில் அவர் பட்டம் பெற்றவர்.

மிஸ்ஸுக்கு ஆசிரியராக யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் அகப்பட்டார். நெஞ்சுவரை தாடி, வீட்டு வாசலில் ஒரு ஆடும் நாற்காலி, பின்னால் ஒரு நாய். பாவம், நல்ல மனிதர். ஆனால் சிலபஸ் என்ற சாமானே அவரிடம் கிடையாது. புளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு, தாளத்தில் பன்னிரண்டு பார், மூன்று கோர்ட், அவ்வளவுதான் என்றார். கட்டைவிரல் தடித்த தந்தியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், மற்ற விரல்கள் மேலே பேச வேண்டும் என்றார். ஒருவர் ஒரு வரி வாசித்து நிறுத்துவார், அது கேள்வி. அடுத்தவர் அதைக் கேட்டுவிட்டுத் தன் கையால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அந்த இடத்திலேயே உண்டாக்க வேண்டும் என்றார். கேள்வி, பதில் என்றதும் மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது நம்முடைய தொழிலாயிற்றே!

தாடிக்காரர் ஒரு பதிலை வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, "இது உதாரணம் மட்டும். தயவுசெய்து இதை அப்படியே வாசிக்காதீர்கள்" என்றார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கையில் விடையை வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிற ஆசிரியரை அவர் கண்டதே இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, எந்த விரல், எந்தத் தந்தி, கிற்றாரின் கழுத்தில் எத்தனையாவது கட்டை என்று வகுப்பு வைட்போர்டில் மூன்று நிறத்தில் எழுதினார். சமநிலைத்தாக்கம் படிக்க வந்த பிள்ளைகள் பலகை ஓரத்தில் மிஞ்சிக் கிடந்த எண்களைப் பார்த்து, பரீட்சைக்கு வருமாக்கும் என்று அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள்.

விரல் நுனி முதலில் சிவந்தது, பிறகு கொப்புளித்தது, பிறகு தோல் தடித்து மரத்துப் போனது. மிஸ் அசரவில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். மேல் ஃப்ளாட்டில் குடியிருந்த ரபீக்கா லிஃப்டில் கண்டு, "என்ன மிஸ், வீட்டுல தண்ணிப் பைப் ஏதும் பழுதா? சத்தம் வந்துக்கிட்டே ஈக்குது" என்று அக்கறையாக விசாரித்தாள். கணவரோ கடையில் இருக்கிற நேரத்தைக் கூட்டிக்கொண்டார். ஆனால் ஆறேழு மாதத்தில் கட்டைவிரல் தன் பாட்டில் நடக்கப் பழகிவிட்டது. மற்ற விரல்கள் தாடிக்காரரின் பதிலை ஒரு சுரம் பிசகாமல் ஒப்புவித்தன.

ஒரு இடம் மட்டும் மிஸ்ஸைப் பாடாய்ப் படுத்திற்று. பதிலின் நடுவில் தாடிக்காரரின் விரல் வழுக்கி, தந்தி கர்ரென்று ஒரு அவலச் சத்தம் போடும். அவர் லேசாகச் சிரித்துவிட்டு அந்தத் துண்டைத் திரும்ப வாசிப்பார். புளூஸில் சில சுரங்கள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும், அதுதான் அதன் உயிர் என்று அவரே முந்தைய பாடத்தில் சொல்லியிருந்தார். ஆகவே இதுதான் அந்த உயிர் என்று மிஸ் முடிவு கட்டினார். விரலை எந்தக் கோணத்தில் வழுக்கவிட்டால் அந்தக் கர்ர் வரும் என்று இரண்டு கிழமை தலையால் தண்ணீர் குடித்துப் பழகினார். சிரிப்பை மட்டும் விட்டுவிட்டார். அது தேவையில்லை என்று பட்டது.

இன்னொன்றும் தாடிக்காரர் சொல்லியிருந்தார்: "உங்கள் கவலையை விரலுக்குக் கொண்டு வாருங்கள்." கவலைக்கா பஞ்சம்? சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியை மூன்று வருடமாக யாரும் இழுக்கவில்லை. மகனின் அறையைத் துடைக்கப் போகும் ஒவ்வொரு முறையும் மிஸ் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவி, வகுப்புக்குப் போவார். ஆனால் அதற்கும் கிற்றாருக்கும் என்ன சம்பந்தம்? பரீட்சைப் புள்ளித்திட்டத்தில் இல்லாத விஷயத்துக்கு மிஸ் நேரம் ஒதுக்குவதில்லை.

நல்ல நாள் பார்த்து ஒரு ஞாயிறு பின்னேரம் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கையில் மேலதிகமாக இரண்டு மாதிரி விடைகளும் தயார். கேள்வி மாறி வந்தால் என்ன செய்வது? சுடலைமுத்து கிற்றாரைப் பார்த்தார், மிஸ்ஸின் தடித்த விரல் நுனியைப் பார்த்தார், வழியைவிட்டு விலகினார்.

மாடியறையில் சுவர் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் வட்டமாக நாற்காலிகள். மௌத் ஓர்கனுடன் நிமல் என்ற சிங்களப் பையன் ஒருவன். அவனுக்குப் பக்கத்தில் ஏகப்பன். தாடி விட்டிருந்தான், கொஞ்சம் மெலிந்திருந்தான். மிஸ்ஸுக்கு ஓடிப்போய் அவன் தலையைத் தடவ வேண்டும் போல் இருந்தது. கையில் கிற்றார் இருந்தது நல்லதாயிற்று.

ஏகப்பன் அம்மாவைப் பார்த்தான், கிற்றாரைப் பார்த்தான், சுடலைமுத்துவைப் பார்த்தான். "வாசிக்கிறவங்கதாண்டா" என்றார் சுடலைமுத்து. சட்டம் சட்டம்தான்.

"உக்காருங்க" என்றான் ஏகப்பன். மூன்றரை வருடத்தில் அவன் அம்மாவுக்குச் சொன்ன முதல் சொல் அது. மிஸ் உட்கார்ந்தார்.

சுடலைமுத்து தன் கிற்றாரில் கட்டைவிரலை நடக்கவிட்டார். நிமல் ஒரு சுற்று ஊதினான். பிறகு ஏகப்பன் எடுத்தான். மெதுவாக, கீழ்த் தந்திகளில், ஒரு சின்ன வரி. வாசித்துவிட்டு அதைப் பாதியில் விட்டாற்போல் நிறுத்தி, அம்மாவைப் பார்த்தான்.

மிஸ் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினார். ஒரு சுரம் தப்பவில்லை. வேகம் தாடிக்காரரின் வேகம். மகனின் வேகம் அதில் பாதிகூட இல்லை என்பதெல்லாம் அவர் காதில் ஏறவேயில்லை. விரல் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று, வழுக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக வழுக்கிற்று. கர்ர்ர்.

நிமல் துள்ளி எழுந்துவிட்டான். "அடோ! அது தாடி மாத்தையா! எனக்கும் தெரியும், நானும் அந்த வீடியோவுலதான் படிச்சது! பிழை விட்ட இடமும் அப்பிடியே! மரு அன்ட்டி, மரு!" என்று கை தட்டினான். பாவம், 'மரு' என்றால் சிங்களத்தில் பிரமாதம்; உண்மையிலேயே பாராட்டினான். சுடலைமுத்து மேலே கூரையைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

ஏகப்பன் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டான்.

"இதையும் பாடமாக்கிட்டீங்களா மிஸ்?"

அந்த 'மிஸ்' முகத்தில் அறைந்தது. இருந்தாலும் அவர் விசாலம் மிஸ் அல்லவா, விட்டுக்கொடுப்பாரா? "எதுல பிழை? சொல்லு. ஒரு சுரம் விட்டிருக்கேனா?"

"பிழையே இல்லை. நான் கேட்டதுக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? கேட்டீங்களா?"

மிஸ் அவன் வாசித்த வரியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அதன் ஒரு சுரம்கூட மனதில் தங்கியிருக்கவில்லை. அவன் வாசித்த நேரம் முழுவதும் தன் முதல் விரல் எந்தக் கட்டையில் விழ வேண்டும் என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப வாசி" என்றார்.

அவன் கிற்றாரை மடியிலிருந்து தூக்கினான். எழுந்து போய்விடுவானோ என்று மிஸ் பயந்தார். அவன் போகவில்லை. அதே வரியை இன்னும் மெதுவாக வாசித்தான். இந்த முறை மிஸ் கேட்டார். ஐந்தாறு சுரம்தான். கீழே இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு தந்தியை வளைத்து, அது சரியாகிற இடத்துக்குப் போகாமல் பாதியில் விட்டான். கேட்க எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கோபமா, ஏக்கமா, இரண்டுமா? அதற்கு எந்த மாதிரி விடையும் பொருந்தவில்லை. கொண்டுவந்த இரண்டாவது விடை பொருந்தவில்லை, மூன்றாவதும் பொருந்தவில்லை. நெற்றி வேர்த்தது. பலகைக்கு முன்னால் எழுப்பி நிறுத்துகிற பிள்ளைகளின் முகத்தில் எத்தனையோ முறை பார்த்த பயம் இப்போது தன் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியலடா" என்றார். அந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து எந்த மண்டபமும் கேட்டதில்லை.

"தெரியாமலே வாசிங்க."

சுடலைமுத்துவின் கட்டைவிரல் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. மிஸ் கண்ணை மூடிக்கொண்டு விரலை எங்கேயோ வைத்து ஒரு தந்தியைத் தட்டினார். ஐயோ, என்ன சத்தம்! எந்தக் கோர்ட்டிலும் சேராத, அடுக்களையில் பாத்திரம் விழுந்த சத்தம். "சே, பிழை" என்று அவர் வாய் தானாகவே சொல்லிற்று. அந்தச் சத்தத்தை அழிப்பதற்கு உள்ளங்கையைத் தந்தியில் வைக்கப் போனார்.

வைப்பதற்குள் ஏகப்பன் அதே சுரத்தை வாசித்தான். அதே பிழையான சுரம். அதைக் கொஞ்சம் வளைத்தான், இன்னும் ஒருமுறை அழுத்திச் சொன்னான், அங்கிருந்து பக்கத்துச் சுரத்துக்கு மெல்ல நகர்த்தினான். நிமல் மௌத் ஓர்கனை வாயில் வைத்து அதன் பின்னாலேயே போனான். அந்தச் சுரம் இப்போது பிழையாக இல்லை. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருக்க வேண்டியது போல, பாட்டுக்குள் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

மிஸ் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழையைக் கண்டால் சிவப்புப் பேனையால் சுழிக்கலாம், புள்ளியை வெட்டலாம், தாளைக் கிழிக்கலாம். இவ்வளவும் அவருக்குத் தெரியும். ஒருவர் விட்ட பிழையை வாங்கி, கூட நின்று, அதற்கு ஒரு இடம் செய்துகொடுக்கலாம் என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று கிழித்த அவன் தாளிலோ பிழைகூட இருக்கவில்லை. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். மேடையில் நின்று நாலாகக் கிழித்த கை, அதே கை, இப்போது அடுத்த தந்தியைத் தேடிற்று.

ஏகப்பன் மறுபடியும் நிறுத்தி, கண்ணால் "ம்?" என்றான். மிஸ் இன்னொரு சுரம் வாசித்தார். அதுவும் நன்றாக இல்லை. அவன் அதையும் எடுத்துக்கொண்டான். மூன்றாவது ஓரளவு தேறிற்று. கண்ணில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. துடைக்கக் கை இல்லை. துடைத்தால் சுற்று நின்றுவிடுமோ என்று பயந்து, அப்படியே ஓடவிட்டு வாசித்தார். நிமல் பார்க்காத மாதிரி ஊதிக்கொண்டிருந்தான்.

சுற்று முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. சுடலைமுத்து தேநீர் எடுத்து வரக் கீழே போனார். மிஸ் கிற்றாரை உறையில் போட்டு, ஸிப்பை இழுக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஏகப்பன் வந்து குனிந்து அதைச் சரியாக்கி மூடிவிட்டான். படிவரை கூடவே வந்தான். மிஸ் முதல் படியில் நின்று திரும்பினார். "உன் தாளை நான் கிழிச்சிருக்கக் கூடாதுடா" என்றார்.

ஏகப்பன் கிற்றாரை அம்மாவின் தோளில் மாட்டி, வாரை நேராக்கினான். மிஸ் நாலு படி இறங்கினார்.

"வர்ற ஞாயிறும் வாங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. "பாடமாக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க."